சன்ஸ்கிரீன்: எதைப் பார்த்து வாங்குவது?

வெயிலில் தோலைத் தாக்கும் புற ஊதாக் கதிர்கள் இரு வகை. யுவி-பி தோலின் மேலடுக்கைச் சுட்டுச் சிவக்கவும் கறுக்கவும் வைக்கும். யுவி-ஏ ஆழமாக இறங்கிச் சுருக்கத்தை உண்டாக்கும். சன்னல் கண்ணாடியும் அதை முழுதாகத் தடுப்பதில்லை. தோல் புற்றுநோயில் இரண்டுக்கும் பங்குண்டு.

ட்யூபில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் முக்கியமாக யுவி-பி காப்பைச் சொல்வது. 30 என்றால் சுமார் 97 விழுக்காடு, 50 என்றால் சுமார் 98 விழுக்காடு தடுக்கும். யுவி-ஏ காப்புக்குப் பார்க்க வேண்டியது 'பிஏ' எழுத்துகளை அடுத்துவரும் கூட்டல் குறிகளை. ஜப்பானில் தோன்றிய இந்த முறையில் நான்கு கூட்டல் குறிகளே உச்சம்.

இந்த எண்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிக் கணக்கிட்டவை. பலரும் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் முழுநீளத்துக்கும் பிதுக்கிய அளவு வேண்டும். பிசுபிசுப்பதையும் கண் எரிய வைப்பதையும் தினமும் அவ்வளவு பூச யாருக்கும் மனம் வராது. 50 எண் களிம்பைப் பட்டும் படாமலும் தடவுவதைவிட, 30 எண் ஜெல்லைத் தாராளமாகப் பூசுவதே மேல். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் நான்கரை ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்றில், நாள்தோறும் பூசியவர்களின் தோலில் முதுமைத் தடம் கூடியதாகவே தெரியவில்லை. அவர்களுக்குக் கொடுத்தது எஸ்பிஎஃப் 15-ஐ ஒட்டிய களிம்புதான்!

எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல், வறண்ட தோலுக்கு கிரீம். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த கனிம வகைகள் எரிச்சல் தருவது குறைவு; ஆனால் மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். அவோபென்சோன் போன்ற வேதிப்பொருள் கலந்தவை நிறம் காட்டாமல் படியும். வியர்வையோடு வழிந்தால் சிலருக்குக் கண் எரியும். வாங்குமுன் தாடையோரம் தடவி, கடைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. குழல்விளக்கில் வெளுப்பு சரியாகத் தெரியாது.

மங்கு உள்ளவர்கள் தேட வேண்டியது இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் உள்ள வகையை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாகக் கறுத்த தோலில், மங்கை அடர்த்தியாக்கும். சாயமில்லாத சன்ஸ்கிரீன்கள் அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. இந்த ஒரு விவரம் தெரியாமல், விலை உயர்ந்த ட்யூப்களை மாற்றி மாற்றி வாங்கிச் சலிப்பவர்கள் உண்டு.

வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். வியர்த்துத் துடைத்தால் அதற்கு முன்பே. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிழலும் துணியுமே காப்பு. வண்டிப் பெட்டியின் சூட்டில் கிடந்து, நீர் வேறு பசை வேறாகப் பிரிந்துவிட்ட சன்ஸ்கிரீனை, காலாவதித் தேதி இன்னும் இருந்தாலும், தூக்கிப் போட்டுவிட வேண்டும்.