பாட்டியும் பதினான்கு குழிகளும்

நமது வீட்டில் மனஸ்தாபம் என்பது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாமியார் மருமகள் சண்டை, தகப்பன் பிள்ளை வழக்கு முதலிய விசேஷங்கள் ஒன்றும் இல்லாத சாந்தமான குடும்பம். எவ்வளவு சாந்தம் என்றால், இரவு எட்டு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறவர்கள், "உள்ளே ஒருவரும் இல்லை போலிருக்கிறது" என்று திரும்பிப் போய்விடக் கூடும். ஆனால் கூடத்தில் ஐந்து பேர் இருப்போம். நால்வர் கையில் நான்கு கைப்பேசிகள். ஐந்தாமவராகிய நம் தாயார் மட்டும் சன்னல் ஓரத்து நாற்காலியில் அமர்ந்து, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தகப்பனார் காலமான பிறகு, ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று தாயாரைப் பட்டணத்துக்கு அழைத்து வந்தோம். மூன்றாவது மாடியில் ஒரு தனி அறை, மின்விசிறி, வேளைக்கு மருந்து எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்தோம். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற திருப்தியும் நமக்கு இருந்தது.

ஒரு நாள் இரவு, தூக்கம் வராத நேரத்தில், அன்று முழுவதும் தாயாரிடம் என்ன பேசினோம் என்று எண்ணிப் பார்த்தோம். "சாப்பிட்டாயிற்றா?" "மாத்திரை போட்டுக்கொண்டாயா?" "கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்." அவ்வளவுதான். ஓட்டலில் பரிமாறுகிறவரிடம்கூட நாம் இதைவிட அதிகமாகப் பேசுகிறோம்! முந்தின நாள் என்ன பேசினோம் என்று யோசித்தோம். அன்றும் அதே மூன்று வாக்கியங்கள்தாம்.

இந்த நிலைமையை மாற்றியது நாம் அல்ல. அந்தப் பெருமை ஒரு கூடைப் புளிக்கு உரியது.

மாசி மாதத்தில் ஊரிலிருந்து புதுப் புளி வந்தது. தாயார் தரையில் கோணியை விரித்து உட்கார்ந்து கொட்டை எடுக்கத் தொடங்கினார். எட்டு வயதுப் பேத்தி பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள்.

"பாட்டி, இந்தக் கொட்டையெல்லாம் எதுக்கு? குப்பையிலே போடறதுக்கா?"

"குப்பையிலே போடறதாவது! எண்பத்து நாலு கொட்டை எண்ணி எடுத்து வை. அப்புறம் சொல்கிறேன்."

குழந்தை எண்ணி முடிப்பதற்குள், பாட்டி ஒரு சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஏழு ஏழாக இரண்டு வரிசை வட்டங்களைப் போட்டுவிட்டார். பல்லாங்குழி தயாராகிவிட்டது.

ஆட்டத்தின் விதம்

பல்லாங்குழியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தும் ஆடத் தெரியாதவர்களுக்காக அதன் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். குழிகள் 14, ஆளுக்கு ஏழு. குழிக்கு ஆறு காய் வீதம் 84 காய்கள். சில வீடுகளில் குழிக்கு ஐந்தாக வைத்து 70 காய்களோடு ஆடுவதும் உண்டு. ஒருவர் தம் குழி ஒன்றிலிருந்து காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போகவேண்டும். கையில் இருந்தது தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளதை அள்ளி ஆட்டத்தைத் தொடரவேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைக் கையால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அத்துடன் எதிராளியின் முறை வரும். இடையில் ஏதாவது ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். அது அந்தக் குழிக்குச் சொந்தக்காரரைச் சேரும்.

பலகை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். தரையில் வட்டம் போட்டால் போதும். காய்க்குச் சோழி உண்டு, புளியங்கொட்டை உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை: குன்றிமணி பார்ப்பதற்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், கடித்து மென்றால் கடுமையான விஷம். வாயில் எதையும் போடும் வயதுக் குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். எந்தக் காயானாலும் அந்த வயதுக் குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பையில் கட்டி வைத்துவிட வேண்டும்.

இந்த ஆட்டத்துக்கு உறவினர் பலர். மலேசியா நாட்டில் இதன் பங்காளிக்குச் 'சொங்காக்' என்று பெயர். இலங்கையில் சிங்களக் குடும்பங்கள் ஆடும் 'ஒலிந்த கெலிய'வும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. ஆப்பிரிக்காவிலும் குழியும் விதையும் கொண்டு ஆடும் ஆட்டங்கள் பல இருக்கின்றன.

கேளாத கேள்வி

நிற்க. நம் வீட்டுக் கதைக்கு வருவோம். முதல் மூன்று நாள் பேத்தி தொடர்ந்து தோற்றாள். பாட்டி சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. நான்காம் நாள் குழந்தை யோசித்து அள்ளிய ஒரு கைக் காய்களால் இரண்டு பசுக்கள் அவள் பக்கம் வந்து சேர்ந்தன. "அடி கள்ளி!" என்று சொல்லித் தாயார் உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாம் கேட்டு இரண்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அடுத்த அறையில் இருந்த நாம் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தோம்.

ஒரு வாரம் சென்றிருக்கும். குழந்தை கேட்டாள்: "பாட்டி, நீ எண்ணறதே இல்லையே? குழியைப் பார்த்ததுமே எத்தனை காய் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியறது?"

"பழக்கம்தான், கண்ணு. எனக்குக் கணக்கு நன்றாக வரும். ஐந்தாம் வகுப்பிலே நான்தான் முதல். அதோடு பள்ளிக்கூடம் போகவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அப்புறம் கணக்குப் போட எனக்கு இந்தக் குழிதானே இருந்தது?"

இதைச் சொல்லும்போது தாயார் குரலில் வருத்தம் ஒன்றும் தொனிக்கவில்லை. அடுத்த குழியைத் துடைத்துக் காயை அள்ளிக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நமக்கு என்னவோ செய்தது. நமக்குக் கணக்கு நன்றாக வரும் என்பதில் நமக்குச் சற்று கர்வம் உண்டு. அது தகப்பனார் வழியில் வந்தது என்று ஐம்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படியே பலரிடம் சொல்லியும் இருக்கிறோம்.

"இதை ஏன் அம்மா ஒரு நாளும் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"யாரப்பா கேட்டீர்கள்?" என்றார் தாயார்.

நேயர்களே, விளையாட்டின் மகிமையை அன்றுதான் அறிந்தோம். "உன் பழைய கதையைச் சொல்லு" என்று பெரியவர்களை எதிரே உட்கார வைத்துக் கேட்டால் அவர்களுக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. குழந்தைகளுக்கும் பொறுமை இராது. கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய்க்குத் தடை நீங்கிவிடுகிறது. காய் நகரும்போது கதையும் நகர்ந்து வெளியே வருகிறது.

யாருக்கு எந்த ஆட்டம்?

எல்லா விளையாட்டும் இதற்குப் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. விரல் வேகமும் கண் கூர்மையும் வேண்டிய ஆட்டத்தில் பாட்டனார் தோற்றே தீருவார். புத்தி ஒன்றையே நம்பிய ஆட்டத்தில் சிறு குழந்தை தோற்றே தீரும். என்றும் தோற்கிறவருக்கு விளையாட்டு ஏது? மூன்று தலைமுறையும் கூடி ஆடவேண்டுமானால், யார் ஜயிப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். நம் முன்னோர் இந்த விஷயத்தில் நமக்குக் குறை வைக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு முதல் கீழடியில் நடந்த அகழாய்வுகளில் பகடைக் காய்களும் சுடுமண் வட்டச் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைக்குப் பரமபதம் உகந்தது. முழுவதும் அதிர்ஷ்டமே ஆகையால், எழுபது வயதுப் பாட்டனாரைப் பாம்பு விழுங்க, பேரன் ஏணியில் ஏறிச் சிரிக்கலாம். வைகுண்ட ஏகாதசியன்று இரவு கண்விழிப்பதற்கு இதை ஆடுவது வழக்கம். இந்திய நாட்டின் இந்த ஆட்டந்தான் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, வேறு உடை உடுத்திக்கொண்டு கடைகளில் விற்பனைக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாயக்கட்டை. இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள், முகங்களில் 0, 1, 2, 3 என்ற எண்களுக்குரிய புள்ளிகள். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழாமல் காய் இறங்காது. கட்டைகள் விழக்கூடிய விதங்கள் மொத்தம் 16. அவற்றில் மூன்று விழுவதற்கு நான்கு வழிகள். தாயத்துக்கு இரண்டே வழிகள். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழிதான். ஆகவே சராசரியாக எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம். நம் மகன் இதைக் காகிதத்தில் கணக்கிட்டுப் பாட்டியிடம் காட்டினான். "இதற்கா இவ்வளவு காகிதம்? தாயம் சுலபத்தில் விழாது, மூன்று அடிக்கடி விழும் என்று எனக்கு அப்போதே தெரியுமே!" என்றார் பாட்டி.

இந்த மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதினைந்து வயது. புளியங்கொட்டை ஆட்டம் தன் அந்தஸ்துக்குக் குறைவு என்று முதல் பதினைந்து நாள் பக்கத்திலேயே வரவில்லை. அவனை இழுத்து வந்தது ஆடு புலி ஆட்டம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். கோடுகள் கூடும் இடங்கள் 23. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடுகள் வெட்ட முடியாது. ஆனால் ஒன்றை ஒன்று காத்து நின்று, புலி நகர இடமில்லாமல் கட்டிவிடலாம். அதிர்ஷ்டத்துக்கு இதில் சிறிதும் இடமில்லை. தகப்பனாரைத் தோற்கடிக்கும் சந்தர்ப்பத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை எவனாவது கைவிடுவானா? இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே நமது மூன்று புலிகளையும் கட்டிப் போட்டுவிட்டான். அன்று முதல் வலிய வந்து உட்காருகிறான்.

சில யோசனைகள்

அனுபவத்தில் கண்ட சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறோம். முழங்கால் வலியுள்ளவர்களைத் தரையில் உட்காரச் சொல்வது தண்டனை. கோடுகளை ஓர் அட்டையில் வரைந்து மேஜை மேல் வையுங்கள். கண் மங்கியவர்களுக்காக விளக்கை அருகில் வையுங்கள். காய் வெள்ளையானால் அட்டை கறுப்பாக இருக்கட்டும். காது மந்தமானவர்களுக்கு இந்த ஆட்டங்கள் பெரிய உபகாரம். ஆட்டத்தைக் கண்ணாலேயே பின்பற்றிவிடலாம். அரை மணி நேரம் போதும். அலுக்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். பெரியவர்கள் குழந்தைக்கு எப்போதும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதைக் குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுகின்றன. முக்கியமாக, "குழந்தைக்கு நல்லது, ஞாபகசக்தி வளரும்" என்றெல்லாம் உபதேசம் செய்து விளையாட்டைப் பாடமாக்கிவிடக் கூடாது. கைப்பேசியைப் பறிக்கவும் வேண்டாம். நாம் முதலில் நம்முடையதை வைத்துவிட்டு உட்கார்ந்தால் மற்றவை தாமாகக் கீழே இறங்கும்.

அக்காலமே பொற்காலம் என்று சொல்லவும் நாம் வரவில்லை. பத்து வயதுப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பல்லாங்குழியின் முன் உட்கார வைத்த காலம் அது. அந்தக் குழிகளில் எவ்வளவு கணக்கறிவு வெளியே தெரியாமல் அடங்கிப் போயிற்றோ! அதே குழிகளின் இரு பக்கமும் இன்று அந்தப் பெண்மணியும் பள்ளிக்கூடம் போகும் பேத்தியும் அமர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் நமக்கு ஆறுதல்.

இப்போதெல்லாம் தாயாரின் நாற்காலி சன்னலைப் பார்த்து இருப்பதில்லை. கூடத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. நேற்று இரவு, ஊரில் நம் வீட்டுக் கிணறு வெட்டிய கதை பாதியில் நின்றிருக்கிறது, மீதி இன்றைக்கு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரிடமும் யாரும் கேளாத கதை ஒன்று இருக்கும். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். சமையலறையில் புளி இருக்கிறது. தரையில் இடம் இருக்கிறது. எண்பத்து நாலு கொட்டைகளை எண்ணி எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?