தடை மட்டும் போதுமா?

திருத்தங்கலில் என் முன்னாள் மாணவர் ஒருவர், 1960-களில் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் புதுப்பித்து வருகிறார். வேறோர் எஞ்சினைப் பொருத்தி, அதனுடன் டர்போசார்ஜரையும் இணைப்பது அவரது விருப்பம்.

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைவழியே வீணாகிறது. அப்புகையைக் கொண்டே விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் முறைக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். ஆனால், விலையின்றி எதுவும் கிடைப்பதில்லை என்பது பொருளியலின் பாலபாடம். அழுத்தம் கூடினால் வெப்பமும் கூடும். பிஸ்டன், கேஸ்கெட் முதல் பிரேக் வரை அனைத்தும் அச்சுமையைத் தாங்கியாக வேண்டும். காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரும், அழுத்தம் எல்லை மீறாதிருக்க வேஸ்ட்கேட்டும் தேவை.

தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. சாலையில் செல்வோரின் உயிரை எண்ணும்போது இத்தடை நியாயமே.

எனினும், தடை மட்டுமே இருந்தால் வேலை மறைவில் நடக்கும். மறைவில் நடக்கும் வேலையே பேராபத்து என்பதைப் பட்டாசு விளையும் மண்ணில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜெர்மனியில், மாற்றியமைத்த வண்டியை அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சோதித்துச் சான்றளித்தால், அம்மாற்றத்தை ஆவணத்தில் பதிவு செய்யலாம். அத்தகைய தனிவண்டிச் சோதனை இங்கும் வேண்டும்; அதன் செலவை உரிமையாளரே ஏற்கட்டும். பட்டறைத் திறனும் வளரும், பற்றவைப்பின் தரமும் கண்காணிப்புக்குள் வரும்.

அதுவரை டர்போ பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும் என்று மாணவரிடம் கூறியிருக்கிறேன்.