ஒரு கலவை, இரண்டு கிளாஸ்

இருவர் மேசை – 7

இருவருக்கு மட்டுமான இரவு உணவை, பொழுது முழுவதும் அடுப்படியிலேயே கழிந்துவிடாமல் எப்படிச் சமைப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், அந்த உணவுக்கு முன்னால் கையில் எடுக்கும் பானம்.

நம் வீடுகளில் பானம் என்பது விருந்தாளிக்கு உரியது. யாராவது வந்தால்தான் எலுமிச்சை பிழியப்படும், நன்னாரி சர்பத் கலக்கப்படும், ஷோகேஸில் இருக்கும் நல்ல கண்ணாடி கிளாஸ்கள் கீழே இறங்கும். அவர்கள் கிளம்பியதும் அவை கழுவித் துடைக்கப்பட்டு மறுபடியும் மேலே ஏறிவிடும். கல்யாணமாகி ஆறு மாதமானாலும் இருபது வருடமானாலும், வாரத்தில் ஒரு மாலையாவது ஒருவருக்கு ஒருவர் விருந்தாளியாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொடரின் அடிப்படை. அதைத் தொடங்கி வைக்க, கையால் கலந்து கொடுக்கும் ஒரு கிளாஸ் பானத்தைவிட எளிதான வழி இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சில வீடுகளில் ஒருவர் மது அருந்துவார், இன்னொருவர் தொடமாட்டார். அருந்துகிறவருக்கு அழகான காக்டெய்ல், மற்றவருக்கு ஃப்ரிட்ஜில் மிச்சமிருக்கும் குளிர்பானம் என்று ஆகிவிட்டால், ஒரே மேசையில் இரண்டு தட்டு மனிதர்கள் உட்கார்ந்திருப்பதாகிவிடும். எனவே இந்த வாரம் நாம் கலக்கப்போவது ஒரே கலவை. அது இரண்டாகப் பிரியும். ஒன்றில் மது சேரும், மற்றதில் சேராது. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே மணம், ஒரே மரியாதை. இருவருமே அருந்தாதவர்கள் என்றால் வேலை இன்னும் சுலபம்.

புளிப்புக்குச் சமமாக இனிப்பு

பார்களில் பார்க்கும் நூற்றுக்கணக்கான பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். அவற்றில் பல ஒரே கணக்கிலிருந்து பிறந்தவை. கியூபாவின் தென்கிழக்குக் கரையில் டைகிரி என்ற சுரங்க ஊர் இருக்கிறது. ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1898-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே கலந்ததாகச் சொல்லப்படும் டைகிரி பானத்தில் ரம், எலுமிச்சை, சர்க்கரை ஆகிய மூன்றும்தான் இருக்கின்றன. ரம்முக்குப் பதில் ஜின் ஊற்றினால் அது வேறு பெயர் பெறும். புதினாவும் சோடாவும் சேர்ந்தால் ஹவானாவின் மொஹிடோ. இவற்றுக்கெல்லாம் முன்னாலேயே, 17-ஆம் நூற்றாண்டில், இந்தியக் கரைக்கு வந்த ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா கலந்து குடித்த பஞ்ச் என்ற பானத்தைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். கணக்கு அங்கேயும் இதேதான்.

அந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: எலுமிச்சைச் சாறு 20 மி.லி., சர்க்கரை சிரப் 20 மி.லி., மது என்றால் 30 முதல் 45 மி.லி. மது வேண்டாம் என்றால் அந்த இடத்துக்கு வருவது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். சோடா ஊற்றி நீட்டுவதானால் 80 முதல் 100 மி.லி.

சிரப் என்பது கடையில் வாங்க வேண்டிய பொருளல்ல. 100 கிராம் சர்க்கரையை 100 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவைத்தால் ஏறத்தாழ 160 மி.லி. சிரப் கிடைக்கும். பாகு பதம் தேவையில்லை, கரைந்தால் போதும். சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரும். சர்க்கரையை நேராகப் போட்டால் குளிர்ந்த பானத்தில் கரையாமல் அடியில் தங்கிவிடும்; முதல் மடக்கு புளிக்கும், கடைசி மடக்கு திகட்டும். கலவையைச் சுவை பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: குளிர்ச்சி இனிப்பை மங்கவைக்கும். ஐஸ் போடுவதற்கு முன் இனிப்பு ஒரு சொட்டுத் தூக்கலாகத் தெரிந்தால்தான் குடிக்கும்போது சரியாக இருக்கும்.

ஐஸும் ஒரு சரக்குதான்

மெரினா சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், 1842-இல் ஐஸ் சேமிக்கக் கட்டப்பட்டது. பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்காவின் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலில் சென்னைவரை அனுப்பினார். நான்கு மாதக் கடல் பயணத்தைத் தாங்கி வந்த பண்டத்தை அந்தக் காலத்துச் சென்னை எவ்வளவு போற்றியிருக்கும்! இன்று அது நம் ஃப்ரீசரில் சும்மா கிடைக்கிறது; அதனாலேயே அதை அலட்சியப்படுத்துகிறோம்.

ஒரு கிராம் ஐஸ் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம், 80 கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்கப் போதுமானது. பானத்தைக் குளிரவைப்பது அந்த உருகல்தான். கூடவே அது பானத்தில் தண்ணீரையும் சேர்க்கிறது. கொஞ்சம் தண்ணீர் சேர வேண்டும், அப்போதுதான் புளிப்பும் காரமும் தணியும். அளவு மீறினால் சப்பென்று ஆகிவிடும். இரண்டே துண்டு ஐஸ் போட்டால் அது சீக்கிரம் உருகித் தீரும். கிளாஸ் நிறையப் போட்டால் பானம் சட்டென்று குளிர்ந்து, அதன்பின் மெதுவாகவே உருகும். எனவே ஐஸைத் தாராளமாகப் போடுங்கள். முந்தின நாளே சிறிய கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி உறையவைத்தால் பெரிய கட்டிகள் கிடைக்கும். ஃப்ரீசரில் மீன், கறி வைத்திருந்தால் ஐஸை மூடிய டப்பாவில் வையுங்கள். வாசனையை அது எளிதில் இழுத்துக்கொள்ளும்.

கருவிகளுக்கும் செலவில்லை. வாய் அகன்ற, மூடி இறுகும் பாட்டில்தான் ஷேக்கர். டீ வடிகட்டிதான் ஸ்ட்ரெய்னர். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியைக் கழுவி எடுத்துவைத்திருந்தால் 5, 10 மி.லி. அளவுகள் கையில். சோடாவை மட்டும் ஒருபோதும் பாட்டிலில் போட்டுக் குலுக்காதீர்கள். மூடி தெறிக்கும், பாட்டில் உடையவும் கூடும். சோடா எப்போதும் கடைசியில், நேராக கிளாஸில்.

மது இல்லாத கிளாஸுக்கு என்ன சேர்ப்பது?

வீட்டு மாக்டெய்ல் பலருக்குப் பிடிக்காமல் போவதற்குக் காரணம், அதில் இனிப்பைத் தவிர வேறெதுவும் இல்லாததுதான். மது ஒரு பானத்துக்குக் கொடுப்பது போதையை மட்டுமல்ல. தொண்டையில் ஒரு காரம், நாக்கில் ஒரு கசப்பு, ஒரு கனம் ஆகியவற்றையும் அது தருகிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தை சிரப்பால் நிரப்பினால் அது குழந்தைகள் பானம்.

நம் சமையலறையில் இதற்கு விடை இருக்கிறது. துவர்ப்புக்கு, பால் இல்லாமல் கொஞ்சம் கடுப்பமாகப் போட்டுக் குளிரவைத்த டிக்காஷன் டீ 30 மி.லி. காரத்துக்கு, துருவிப் பிழிந்த இஞ்சிச் சாறு ஒரு டீஸ்பூன். கசப்புக்கு, எலுமிச்சைத் தோலின் பச்சைப் பகுதியை மட்டும் மெல்லச் சீவி, கிளாஸின் மேல் முறுக்கிப் பிழிந்தால் அதன் எண்ணெய் பானத்தின் மேல் படியும். முதலில் மூக்குக்கு வருவது அந்த மணம். கடைசியாக ஒரு சிட்டிகை உப்பு. கசப்பை அடக்கிப் பழத்தின் ருசியை அது எடுத்துக்காட்டும்.

மாதுளைப் பன்னீர்

இரண்டு பெரிய மாதுளையின் சாறு சுமார் 200 மி.லி. வரும். அதே எடை சர்க்கரை சேர்த்து, கொதிக்கவிடாமல் மிதமான சூட்டில் கரைத்து ஆறவையுங்கள். கிரெனடின் என்று பார்களில் இருக்கும் சிவப்பு சிரப்பின் அசல் வடிவம் இதுதான். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

இருவருக்கு: எலுமிச்சைச் சாறு 40 மி.லி., மாதுளை சிரப் 50 மி.லி., ஒரு சிட்டிகை உப்பு. பாட்டிலில் ஐஸோடு 15 விநாடி நன்றாகக் குலுக்கி, புது ஐஸ் நிரப்பிய இரண்டு கிளாஸ்களில் சமமாக வடிகட்டுங்கள். ஒன்றில் ஜின் 30 மி.லி., மற்றதில் குளிர்ந்த டீ 30 மி.லி. இரண்டிலும் சோடா 80 மி.லி. மேலே இரண்டிரண்டு துளி பன்னீர். சமையலுக்கானது என்று லேபிளில் போட்டிருக்கும் பன்னீரையே வாங்குங்கள்.

அலங்காரத்துக்குப் பூக்கடை ரோஜாவையோ மல்லிகையையோ பானத்தில் மிதக்கவிட வேண்டாம். அவை பூச்சிமருந்து பட்டவையாக இருக்கலாம். அவற்றின் இடம் மேசையும் கூந்தலும்.

நிறம் மாறும் சங்குப்பூ

வேலியோரம் படர்ந்து கிடக்கும் நீலச் சங்குப்பூவைத் தாய்லாந்துக்காரர்கள் எலுமிச்சையும் தேனும் சேர்த்துப் பானமாகவே குடிக்கிறார்கள். அந்த நீலத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் நிறமி, புளிப்பு பட்டால் ஊதாவாகவும், புளிப்பு ஏற ஏற இளஞ்சிவப்பை நோக்கியும் மாறும்.

பத்துப் பன்னிரண்டு பூக்களைக் கழுவி, 150 மி.லி. வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டிக் குளிரவையுங்கள். ஒவ்வொரு கிளாஸிலும் எலுமிச்சைச் சாறு 20, சிரப் 25, தண்ணீர் 30 மி.லி. கலந்து, வாய்வரை ஐஸ் நிரப்புங்கள். அதன்மேல் நீலச் சாற்றை ஸ்பூனின் முதுகில் பட்டு வழியும்படி மெதுவாக ஊற்றுங்கள். சர்க்கரையின் கனத்தால் கீழ்க்கலவை அடியிலேயே நிற்கும், நீலம் மேலே தங்கும். வெள்ளை ரம் 30 மி.லி. வேண்டுமானால் அதை நீலச் சாற்றோடு கலந்து ஊற்றுங்கள். மது தண்ணீரைவிட லேசானது என்பதால் அதுவும் மேலேயே நிற்கும். கலக்காமல், ஒரு ஸ்பூனோடு அப்படியே நீட்டுங்கள். கலக்கும் உரிமை உங்கள் துணைக்கு. கண்ணெதிரே நீலம் ஊதாவாகும் அந்தக் கணத்தில் யாரும் செல்போனைப் பார்ப்பதில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் சங்குப்பூவைத் தவிர்ப்பது நல்லது.

மழை இரவுக்குச் சுக்கு

ஐப்பசி, கார்த்திகையில் ஐஸ் எதற்கு? 350 மி.லி. தண்ணீரில் தட்டிய சுக்கு ஒரு துண்டு, கிராம்பு இரண்டு, பட்டை சிறிது போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் பனங்கற்கண்டைக் கரைத்து வடிகட்டுங்கள். அடுப்பை அணைத்தபின் எலுமிச்சைச் சாறு 20 மி.லி. மது அருந்துகிறவர் கிளாஸில் மட்டும் ரம் 30 மி.லி. ரம்மை எரிகிற அடுப்பின் பக்கத்தில் ஊற்ற வேண்டாம், அது தீப்பற்றும். மேல்நாட்டில் ஹாட் டாடி என்பது இந்த வகைதான்.

கோடையில் பழம் மலிந்திருக்கும்போது இன்னொரு வழி. வெனிஸ் நகரில் ஹாரிஸ் பாரை நடத்திய ஜுசெப்பே சிப்ரியானி, வெள்ளைப் பீச் பழக்கூழில் புரொசெக்கோ என்ற நுரைக்கும் ஒயினை ஊற்றி, பெல்லினி என்ற ஓவியரின் பெயரை வைத்தார். ஒரு பங்கு பழக்கூழ், இரண்டு மூன்று பங்கு ஒயின், அவ்வளவே. பங்கனப்பள்ளி மாம்பழக் கூழும் நல்ல குளிர்ந்த சோடாவும் சில துளி எலுமிச்சையும் அதே முறையில் அழகாகச் சேரும்.

மறக்கக் கூடாதவை

நம் நாட்டு ஜின், ரம் பாட்டில்களில் பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கும். அதில் 30 மி.லி. என்றால் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால். மாலைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, சாப்பாட்டோடு. இனிப்பும் புளிப்பும் மதுவின் வீச்சை மறைத்துவிடும் என்பதால் அளந்தே ஊற்றுங்கள். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது கிடையாது. தூக்க மாத்திரை, சர்க்கரை நோய் மாத்திரை போன்றவை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். குடித்தபின் வண்டிச் சாவியும் வேண்டாம்.

துணையின் கிளாஸில் சொல்லாமல் மது ஊற்றுவதும், வேண்டாம் என்றவரை வற்புறுத்துவதும் அன்பில் சேராது. விளையாட்டுக்குக்கூட அதைச் செய்யாதீர்கள்.

வேலையைப் பிரித்துக்கொண்டால் மாலை உங்களுடையது. வெள்ளிக்கிழமை இரவு சிரப்பும் ஐஸும். சனிக்கிழமை மாலை எலுமிச்சை பிழிவது. முந்தின நாளே பிழிந்தால் சாறு கசந்துபோகும். கிளாஸ்களைக் கால் மணி நேரம் முன்னால் ஃப்ரிட்ஜில் வைப்பது. கலக்கும் நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. எல்லாப் பானங்களையும் ஒரே நாளில் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒருவர் கலக்க, மற்றவர் உட்காரட்டும். அடுத்த சனிக்கிழமை முறையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவரே எப்போதும் உபசரித்துக்கொண்டிருந்தால் அது இன்னொரு வீட்டு வேலையாகிவிடும். முறை மாறினால்தான் விருந்து.

(அடுத்த வாரம்: பானத்தோடு கொறிக்க, பத்து நிமிடத்தில் தயாராகும் நான்கு தட்டுகள்)