கொள்முதல் ஒப்பந்தமும் தொழிலாளர் உரிமையும்

குழந்தை உழைப்பு கூடாது, உரிய ஊதியம் வழங்கப்பட வேண்டும், தொழிற்கூடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்னும் ஷரத்துகளை, ஆயத்த ஆடை வாங்கும் மேலைநாட்டு நிறுவனங்கள் தம் கொள்முதல் ஒப்பந்தங்களில் சேர்ப்பது வழக்கமாகியுள்ளது. இவை மீறப்பட்டால் வழக்குத் தொடரும் உரிமை யாருக்கு உண்டு? ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் வாங்குபவரும் விற்பவருமே. எவர் பொருட்டு ஷரத்து எழுதப்பட்டதோ அந்தத் தொழிலாளி அதில் தரப்பினர் அல்லர். தரப்பினர் அல்லாதவர் ஒப்பந்தத்தின் பேரில் பொதுவாக வழக்காட இயலாது என்பதை, சில விதிவிலக்குகளுடன், நம் உச்ச நீதிமன்றமும் 1969இல் எம்.சி. சாக்கோ வழக்கில் உறுதி செய்தது.

சீனா, வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளின் தொழிலாளர்கள் வால்மார்ட் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2009இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே வேறு வகையில் கூறிற்று. தொழிற்கூடங்களைச் சோதனையிடும் உரிமையை அந்நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்டதேயன்றி, சோதனையிடுவதாகத் தொழிலாளர்க்கு வாக்களிக்கவில்லை என்பது தீர்ப்பு. வாங்குபவர் கையிலுள்ள கருவியோ, ஆர்டரை ரத்து செய்வது. ரத்தானால் முதலில் வேலை இழப்பவர் அதே தொழிலாளிதான்! விலையைக் குறைக்குமாறு வற்புறுத்தியவரே பாதுகாப்பு இல்லையென்று வழக்காட முன்வருவார் என எதிர்பார்ப்பதும் கடினம்.

2013 ஏப்ரல் 24 அன்று, டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் காணப்பட்டிருந்தும், தொழிலாளர் உள்ளே அனுப்பப்பட்டனர். அடுத்த மாதம் உருவான வங்காளதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில், வாங்கும் நிறுவனங்களுக்கு எதிர்த்தரப்பாகத் தொழிற்சங்கங்களே கையெழுத்திட்டன. மாற்றத்தின் உயிர்நாடி இதுவே. பழுதுபார்ப்புச் செலவைத் தொழிற்கூடங்கள் தாங்கக்கூடிய வகையில் வணிக நிபந்தனைகளை அமைப்பது வாங்குவோரின் கடமையாயிற்று. பணிக்காக ஆலை மூடப்படின், ஆறு மாதம் வரை தொழிலாளரின் வருவாய் தொடர வேண்டும். தகராறு நடுவர் தீர்ப்புக்குச் செல்லும். அத்தீர்ப்பை, 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை பொருந்துமிடத்து, அந்நிறுவனத்தின் தாய்நாட்டு நீதிமன்றத்தில் நிறைவேற்றலாம்.

இவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2016இல் இரு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள், ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் வழி இரு நிறுவனங்களின் மீது வழக்குத் தொடுத்தன. இரண்டும் சமரசத்தில் முடிந்தன. 2018 ஜனவரியில் ஒரு நிறுவனம் 23 லட்சம் டாலர் தர இசைந்தது. இதில் 20 லட்சம் 150க்கும் மேற்பட்ட ஆலைகளின் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கப்பட்டது. ஆயினும் நடுவர் விசாரணைக்கான நடைமுறை ஒப்பந்தத்தில் தெளிவாக வரையறுக்கப்படாததால், அதை முடிவு செய்வதிலேயே காலமும் பொருளும் செலவாயின. ஊதியம் குறித்த தகராறுகளோ அவ்வொப்பந்தத்தின் எல்லைக்கு வெளியிலேயே நின்றன.