வானியல் ஆர்வலர் கழகம்

வானியல் ஆர்வலர் கழகம் என்பது, வானியலைத் தொழிலாகக் கொள்ளாமல் ஆர்வத்தின் பொருட்டு வானை நோக்குவோர் தம் ஊரிலோ வட்டாரத்திலோ கூடி நடத்தும் அமைப்பு ஆகும். பெரும்பாலான கழகங்களில் சேர்வதற்கு வானியல் பட்டமோ சொந்தத் தொலைநோக்கியோ தேவையில்லை. கருவி இல்லாதவருக்கு அதன் வழியே நோக்கும் வாய்ப்பையும், நோக்கியதை முறையாகப் பதிவு செய்யும் பயிற்சியையும் தருவதே இக்கழகங்களின் முதன்மையான பயன் ஆகும்.

வரலாறு

பிரான்சில் காமில் பிளமாரியோன் 1887 இல் பிரெஞ்சு வானியல் கழகத்தை நிறுவினார். பிரித்தானிய வானியல் சங்கம் 1890 இல் தொடங்கப்பட்டது. இலண்டனில் இருந்த அரச வானியல் கழகம் 1916 வரை பெண்களை முழு உறுப்பினராக ஏற்கவில்லை. பிரித்தானிய வானியல் சங்கமோ தொடக்கம் முதலே அவர்களைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் புனே நகரின் ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா 1944 இல் தோன்றியது. ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1968 இல் ஜான் தாப்சனும் அவருடைய தோழர்களும் தொலைநோக்கிகளைத் தெருவோரத்தில் நிறுத்தி, வழிப்போக்கர்களுக்கு நிலவையும் கோள்களையும் காட்டத் தொடங்கினர். அவர் பரவலாக்கிய எளிய மரத்தாங்கி அமைப்பு இன்று தாப்சோனியன் எனப்படுகிறது.

கருவியைப் பகிர்தல்

வானத்தைப் பயில்வதற்குச் சொந்தக் கருவி கட்டாயம் அன்று என்பதற்குத் தாமசு பாப் நல்ல எடுத்துக்காட்டு. 1995 சூலை 23 அன்று இரவு, அரிசோனா மாநிலத்தில் வானியல் ஆர்வலர்களான நண்பர்களுடன் இருந்த அவர், நண்பர் ஒருவரின் தொலைநோக்கி வழியே தனுசு விண்மீன் குழாமிலுள்ள ஒரு கோளக் கொத்தை நோக்கினார். அதனருகே மங்கலான ஒளித்திட்டு ஒன்று தெரிந்தது. அதே இரவில் நியூ மெக்சிகோவில் ஆலன் ஹேலும் அதைத் தனியாகக் கண்டார். அதுவே 1997 இல் வெறுங்கண்ணுக்குப் பளிச்செனத் தெரிந்த ஹேல்-பாப் வால்வெள்ளி. பாப்பிடம் அப்போது சொந்தத் தொலைநோக்கி இருக்கவில்லை.

அறிவியல் பங்களிப்பு

சில விண்மீன்களின் ஒளி காலப்போக்கில் கூடியும் குறைந்தும் மாறுகிறது. இவை மாறும் விண்மீன்கள் எனப்படும். நோக்குபவர் இவ்விண்மீனை, அருகிலுள்ள மாறாத ஒளியுடைய இரு விண்மீன்களுடன் ஒப்பிடுகிறார். அவற்றின் ஒளிப்பொலிவெண்கள் 8.2, 8.8 எனவும், மாறும் விண்மீன் இரண்டிற்கும் சரி நடுவில் இருப்பதாகவும் தோன்றினால், அதன் மதிப்பு 8.5 எனப் பதிவு செய்யப்படும். ஒருவரின் ஊரில் மேகம் மறைத்தாலும் வேறோர் ஊரிலிருந்து பதிவு கிடைக்கும் என்பதால், பலர் சேர்ந்து நோக்கும்போது தொடர்ச்சியான வரலாறு உருவாகிறது. இப்பணிக்கென 1911 இல் மாறும் விண்மீன் நோக்கர்களின் அமெரிக்கக் கழகம் அமைக்கப்பட்டது.

இன்றைய வங்காளதேசத்திலுள்ள ஜெசோர் நகரின் அரசுக் கருவூலத்தில் பணியாற்றிய இராதா கோவிந்த சந்திரா, இக்கழகத்திற்கு 37,000 இற்கும் மேற்பட்ட பதிவுகளை அனுப்பினார். அவரது உழைப்பைக் கண்ட கழகம் 1926 இல் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு வழங்கியது. பிற்காலத்தில் அது வைனு பாப்புவிடம் சென்று, தமிழ்நாட்டின் காவலூர் வான்காணகத்தை அடைந்தது.

இன்று தானியங்கித் தொலைநோக்கிகள் வானை இரவுதோறும் அளக்கின்றன. எனினும் மிகுந்த ஒளியுடைய விண்மீன்கள் அவற்றுட் பலவற்றின் உணரிகளை நிறைவுறச் செய்துவிடுவதால், அத்தகைய விண்மீன்களுக்கு ஆர்வலர்களின் பதிவுகள் தொடர்ந்து பயன்படுகின்றன.

சேர விரும்புவோர் அறிய வேண்டியவை

- கட்டணம் செலுத்தும் முன் கழகத்தின் வான்நோக்கு நிகழ்வு ஒன்றில் கலந்துகொள்வது நன்று. புதியவரின் கேள்விகளுக்குப் பொறுமையுடன் விடை கிடைக்கிறதா என்பதை அங்கு அறியலாம்.
- தொலைநோக்கி வாங்குவதை முதலில் தவிர்க்கலாம். ஒளி திரட்டும் திறன் முகப்பின் விட்டத்தைப் பொறுத்தது, 200 மி.மீ. முகப்பு, 100 மி.மீ. முகப்பைப் போல் 4 மடங்கு ஒளியைத் திரட்டும். உருப்பெருக்கத்தை மட்டும் பெரிதாகக் கூறும் விளம்பரங்களை நம்பி வாங்கியோர் ஏமாற்றமடைவதுண்டு. பல கருவிகளைக் கழகத்தில் பயன்படுத்திப் பார்த்தபின் முடிவெடுப்பது சிறந்தது.
- கண்கள் இருளுக்குப் பழக ஏறத்தாழ 30 நிமிடங்கள் ஆகும். வெள்ளை ஒளி அதை நொடியில் கெடுத்துவிடும். ஆதலால் நோக்குமிடத்தில் மங்கலான சிவப்பு விளக்கே பயன்படுத்தப்படுகிறது. கைப்பேசித் திரையும் அணைத்து வைக்கப்படுகிறது.
- தொலைநோக்கியின் முகப்பில் தகுந்த சூரிய வடிகட்டி பொருத்தாமல் ஒருபோதும் சூரியனை நோக்கக்கூடாது. கண்ணருகு வில்லையில் மட்டும் பொருத்தும் வடிகட்டி வெப்பத்தால் வெடிக்கக்கூடும். இதனால் பார்வை நிலையாக இழக்கப்படலாம்.

ஒளிமாசு

நகர விளக்குகளின் ஒளி வானில் சிதறுவதால் மங்கிய விண்மீன்களும் பால் வழியும் மறைகின்றன. ஆகவே கழகங்கள் அமாவாசையை ஒட்டிய இரவுகளில் ஊருக்கு வெளியே நோக்குமிடங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. நிலவும் ஒளிமிக்க கோள்களும் நகரத்திலிருந்தும் நன்கு தெரியும் என்பதால், பொதுமக்களுக்கான நிகழ்வுகள் பெரும்பாலும் வளர்பிறை நாட்களில் நகரத்திலேயே நடத்தப்படுகின்றன.