ஆவார்களின் இடைவார்ப் பூண்கள்

ஹங்கேரியில் ஆவார் காலக் கல்லறைகளைத் தோண்டுகிறவர்கள், ஆண்களின் எலும்புக்கூட்டில் முதலில் இடுப்பைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள். அங்கே கட்டியிருந்த தோல் வார் மட்கிப் போயிருக்கும். அதில் அறைந்திருந்த உலோகப் பூண்கள் மட்டும் பச்சை பூத்துக் கிடக்கும்.

கி.பி. 568 வாக்கில், இன்றைய ஹங்கேரி அடங்கிய கார்பாத்தியப் படுகையில் குடியேறிய நாடோடி மக்களான ஆவார்கள், 790களில் பிராங்கிய மன்னர் சார்லமேனின் படைகளிடம் வீழும்வரை அங்கே ஆண்டார்கள். அவர்களே எழுதிவைத்த வரலாறு எதுவும் நம்மிடம் இல்லை. பைசாந்தியத் தங்கக் காசுகளின் வரத்தும் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய கல்லறைகளுக்குக் காலம் கணிக்க இந்தப் பூண்கள்தான் பெருந்துணை.

பூண் கைக்கு வந்ததும் கண் முகப்புச் சித்திரத்துக்குத்தான் போகும். ஆனால் முதலில் திருப்பிப் பாருங்கள். பின்புறம் குழிந்த மெல்லிய வெள்ளி அல்லது வெண்கலத் தகடாக இருந்தால், உள்ளே ஈயக் கலவை ஒட்டியிருந்தால், அது அச்சின்மேல் வைத்துத் தட்டி எடுத்தது. பெரும்பாலும் ஆறாம், ஏழாம் நூற்றாண்டு வேலை. ஹங்கேரியின் குன்சென்ட்மார்ட்டோனில் ஒரு பொற்கொல்லரின் கல்லறையில் இப்படிப்பட்ட அச்சுகளே கிடைத்தன. செத்த பிறகும் தொழிற்கருவியை அவரோடு வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மாறாக, பூண் கனமாக, ஒரே வார்ப்பாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு. அதன் முகப்பில் கழுகுத் தலையும் சிங்க உடலும் சிறகும் கொண்ட கிரிஃபின் நிற்கும், அல்லது சுருள் சுருளாகக் கொடி ஓடும். சிலவற்றில் பொன்முலாம் இன்னும் மின்னும். வடிவத்தையும் கவனிக்க வேண்டும். நீண்டு ஒடுங்கிய பெரிய துண்டு வாரின் நுனியில் மாட்டியது. அதே சாயலில் சின்னதாக இருப்பவை, இடுப்பிலிருந்து தொங்கிய கிளை வார்களின் நுனிகள். நடுவில் ஒடுங்கி இருபுறமும் விரியும் துண்டை ஆய்வாளர்கள் ப்ரொப்பெல்லர் பூண் என்றே அழைக்கிறார்கள். பிற்கால ஆவார் வாருக்கு அது நல்ல அடையாளம்.

இந்தத் தெளிவு எளிதில் வந்துவிடவில்லை. 1905இல் ஹங்கேரியின் பழம்பொருள்களைப் பெருந்தொகுப்பாக வெளியிட்ட யோசெஃப் ஹாம்பெல், கிரிஃபின் பூண்களை ஆவார்களுக்கு முந்தைய நாடோடிகளான சர்மாத்தியர்களுடையவை என்றே கொண்டார். அவை ஆவார் காலத்தவை என்பது பிந்தைய தலைமுறை ஆய்வாளர்களால்தான் நிலைபெற்றது.

பாணியை மட்டும் வைத்து ஒரு பூண் இன்னாருடையது என்று முடிவுகட்டுவது இன்றும் ஆபத்துதான். அல்பேனியாவின் வ்ராப் ஊரருகே கிடைத்து, இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள புதையலில் கிரிஃபினும் கொடியும் கொண்ட தங்கப் பூண்கள் இருக்கின்றன. சில வேலை முடியாதவை. ஆவார் தலைவனின் சொத்தா, பைசாந்தியப் பட்டறையின் சரக்கா என்று இன்னும் வாதாடுகிறார்கள். கல்லறையில், ஒரு மனிதனின் இடுப்பில் கிடைத்திருந்தால் இந்த வாதம் இத்தனை நீண்டிருக்காது.