சவர் ஏறிய கிணறுகளிடம் கேட்போம்

"பாதர், யாழ்ப்பாணத்தில எங்கட மச்சான் கிணத்தை ஆழமாக்கி, பெரிய மோட்டர் பூட்டித்தான் வெங்காயம் எடுக்கிறார். நாங்களும் அப்பிடிச் செய்வமோ?"

இறக்கக்கண்டியில் மீளக்குடியேறிய ஒரு குடும்பத்தார் எம்மிடம் இவ்வாறு கேட்டனர். பிறருடைய பட்டறிவிலிருந்து தொழிலைக் கற்க விரும்புவது நல்லதே. காணியை விட்டுப் பல ஆண்டுகள் அலைந்தவர்களுக்கு வேறு வழியும் குறைவு. தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று மகன் பழகியிருக்க வேண்டிய போகங்கள் பல முகாமிலேயே கழிந்துவிட்டன. ஆனால் மச்சானின் கிணறு சுண்ணக்கல்லில் இருக்கிறது. இவர்களுடையது மணலில் இருக்கிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு.

மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் மழை தந்தது. அது கீழேயுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் நீர் நல்ல தண்ணீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆகவே நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இறைத்து இறைத்து மேலே அரை அடி குறைத்துவிட்டால், கீழேயிருந்து 20 அடி உப்பு நீர் மேலேறப் பார்க்கும். ஆழமாக்கினால் நாமே அதைத் தேடிப் போகிறோம்.

இதற்குக் கிழக்குக் கரை பெரிய விலை கொடுத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் ஆயிரக்கணக்கான கிணறுகளை உப்பாக்கியது. உதவிக்கு வந்தவர்கள் இயந்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் மிகையாக இறைத்த கிணறுகளில் உப்பு குறையாமல் நின்றது, சிலவற்றில் கூடியது. பின்னர் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தாரும் பிறரும் ஆராய்ந்து, சேற்றையும் குப்பையையும் அகற்றியபின் அளவோடு இறைத்து, மிச்சத்தை மாரி மழைக்கு விடுவதே நல்லது என்றார்கள். வேலையைக் குறைப்பதும் ஒரு வைத்தியம் என்று அப்போது எவரும் எளிதில் நம்பவில்லை. நாமும் நம்பவில்லை. ஒரு கிணற்றை இன்னும் இரண்டு முழம் தோண்டச் சொன்னவர்கள் நாமே. அடுத்த கோடையில் அந்தத் தண்ணீரில் தேயிலைகூடப் போட முடியவில்லை.

யாழ்ப்பாணத்தாரின் கதையையும் முழுதாகக் கேட்க வேண்டும். துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே தண்ணீருக்குக் காவலாக இருந்தது. இயந்திரங்கள் பரவியபின் அந்தக் காவல் போயிற்று. 1970களில் வெங்காய, மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் தோட்டக்காரர் கையில் பணம் புழங்கியது. பசளையும் தாராளமாக விழுந்தது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடியது பின்னர்தான் தெரிந்தது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு; மீறினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கற்பிட்டி மணலிலும் இதே தொல்லை வந்தது. நிலாவெளி, குச்சவெளிக் கரையும் மணல்தானே! யூரியாவை ஒரே தடவையில் கொட்டினால் பாதி கிணற்றுக்குத்தான் போகும். சிறிது சிறிதாகப் பிரித்துப் போட்டு, எருவும் குழையும் தாழ்த்தால் மண் பிடித்து வைக்கும். தண்ணீரும் அப்படியே: செம்மண்ணில் விடும் நாள் இடைவெளி மணலுக்குப் பொருந்தாது. கொஞ்சமாக, அடிக்கடி விட வேண்டும்.

ஆகவே, அயலூர் முறையொன்றைக் கேள்விப்பட்டால் அங்கே என்ன மண், கிணறு எத்தனை அடி, கோடை முடிவில் தண்ணீர் எப்படி என்று விசாரியுங்கள். அந்த முறையால் நட்டப்பட்டவர் எவரும் உண்டா என்று தேடிப் போய்க் கேளுங்கள். வென்றவர் தாமாகவே சொல்வார். தோற்றவர் வீட்டில் இரண்டு தரம் தேநீர் குடித்தபிறகுதான் வாய் திறப்பார். எமக்குப் பயன்பட்டவை பெரும்பாலும் அந்த இரண்டாம் வீட்டில் கேட்டவை.

வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். தாள் நுனி கருகத் தொடங்கினால் நோயென்று மருந்தடிக்கும் முன் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். இறைக்க முன்னும் இறைத்த பின்னும் பாருங்கள்.

அந்தக் குடும்பத்தார் கிணற்றை ஆழமாக்கவில்லை. சற்றுத் தள்ளி ஆழமில்லாத, அகலமான இன்னொன்றை வெட்டினார்கள். சிறிய இயந்திரத்தால் ஒருநாள் இதில், மறுநாள் அதில் இறைக்கிறார்கள். கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தண்ணீர் மட்டத்தை அளப்பது மூத்த மகளின் வேலை. மச்சானும் ஒருதரம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.